இரத்தக் குழாயின் நெசவு

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்கெனச் செப்பம் செய்யப்பட்டது)



மனித உடலில் உள்ள இரத்தக் குழாய்களின் அமைப்பும் செயலும் இச்சொற்பொழிவின் பொருளாகும். இப்பொருளைக் காஞ்சிபுரத்தில் எடுத்துரைப்பதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. உடலைப் பற்றிய அறிவியல் தன் அடிப்படைச் சொல்லையே தறியிலிருந்து பெற்றது. பிரெஞ்சு மருத்துவர் சவியே பிஷா 1801இல் வெளியிட்ட பொது உடற்கூறியல் நூலில் உடலை 21 வகைத் திசுக்களாகப் பகுத்துக் காட்டினார்; அவர் ஆண்ட ‘திஸ்யூ’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்யப்பட்டது என்பது பொருள்; அச்சொல்லே ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் திசு என வழங்குகிறது. பின்னாளில் அத்துறைக்கு அமைந்த ‘ஹிஸ்டாலஜி’ என்னும் பெயரின் முற்பகுதியாகிய ‘ஹிஸ்தோஸ்’, கிரேக்க மொழியில் தறியையும் தறியில் நெய்த துணியையும் குறிப்பது. ஈழத் தமிழ் நூல்கள் திசுவை இழையம் என்று எழுதுவதால், அங்கு அந்த நெசவுப் பொருள் சொல்லின் மேற்பரப்பிலேயே தெரிகிறது.

பள்ளிப் பாடங்களில் இரத்தக் குழாய் என்பது இதயம் இறைக்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய் என்ற அளவிலேயே அறிமுகமாகிறது. அவ்வறிமுகம் பிழையானதன்று, ஆயினும் வீட்டுக் குடிநீர்க் குழாயைப் போன்ற ஒன்றை மனத்தில் பதித்துவிடுவதால், குழாயின் சுவரில் நிகழ்வன பலவும் கருத்திலிருந்து தப்பிவிடுகின்றன. இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து இது: இரத்தக் குழாயின் சுவர், தான் தாங்கும் விசைக்கு ஏற்ப நெய்யப்பட்டு, வாழ்நாள் முழுவதும் மறுபடி மறுபடி நெய்யப்பட்டுக்கொண்டே இருக்கும் உயிருள்ள துணி, அத்துணியின் நெட்டிழையாகிய பாவு இளமையில் ஒருமுறை மட்டுமே ஓடப்படுகிறது, குறுக்கிழையாகிய ஊடை மட்டும் இறுதிவரை ஓடிக்கொண்டிருக்கிறது. இக்கருத்து கீழே எட்டுக் கூறுகளாக விரிக்கப்படுகிறது.

1. மூன்று உறைகள்

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்பவை தமனிகள். இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். இவ்விரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்கள் தந்துகிகள். தந்துகிகள் நீங்கலாக ஏனைய குழாய்கள் அனைத்தின் சுவரும் மூன்று உறைகளால் ஆனது. இரத்தத்தைத் தொட்டு நிற்பது உள்ளுறை. அதன் மேற்பரப்பில் தட்டையான உயிரணுக்கள் ஒரே அடுக்காகப் பரவி, ஒன்றன் ஓரம் மற்றொன்றின் ஓரத்தைத் தொட, இடைவெளியின்றிப் பாவியிருக்கின்றன. இவ்வடுக்குக்கு அகப்படலம் என்று பெயர். அடுத்தது நடுவுறை, விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானே சுருங்கி விரியும் மென்தசை அணுக்களும், நீண்டு மீளும் எலாஸ்டின் தகடுகளும், உறுதி தரும் கொலாஜன் நார்களும் இதில் மாறிமாறி அமைந்துள்ளன. புறத்தே இருப்பது வெளியுறை. கொலாஜன் மிகுந்த இவ்வுறை குழாயைச் சுற்றியுள்ள தசையோடும் கொழுப்போடும் பிணைத்து வைப்பதோடு, நரம்பு நுனிகளுக்கும் இடம் தருகிறது.

பெரிய தமனிகளின் சுவர் தடிப்பாக இருப்பதால், உள்ளே ஓடும் இரத்தத்திலிருந்து ஊடுருவிச் செல்லும் ஊட்டம் சுவரின் வெளிப்பகுதியை எட்டுவதில்லை. அப்பகுதிக்கு உணவளிக்கவென்று சுவருக்குள்ளேயே வேறு நுண்குழாய்கள் ஓடுகின்றன. குழாயின் சுவருக்கே குழாய்கள் தேவைப்படுகின்றன என்னும் இந்த ஒரு செய்தியே, அச்சுவர் உண்டு உயிர்த்து வேலை செய்யும் உறுப்பு என்பதைக் காட்டப் போதுமானது.

2. இரு இழைகள்: எலாஸ்டினும் கொலாஜனும்

பட்டின் தரம் அதன் இழையில் தொடங்குவது போல, குழாய்ச் சுவரின் இயல்பும் அதன் இருவகை இழைகளில் தொடங்குகிறது. எலாஸ்டின் சிறிய விசைக்கே நீண்டுகொடுத்து, விசை நீங்கியதும் பழைய அளவுக்கு மீளும் புரதம். கொலாஜன் அதற்கு நேர்மாறானது. எளிதில் நீளாது, எளிதில் அறாது.

கொலாஜனின் வடிவத்தை உலகுக்கு விளக்கிய ஆய்வு காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த கோ. நா. ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூலக்கூறு மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவம் கொண்டது என்பதை 1954இலும் 1955இலும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைவதாலேயே மூன்று சங்கிலிகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. தனி இழை தாங்காத பளுவை முறுக்கேற்றிய மூன்றிழை தாங்கும் என்பதைக் காஞ்சி நெசவாளர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரு இழைகளும் சுமையை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைக் கனடாவைச் சேர்ந்த ரோச், பர்ட்டன் ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. மனிதத் தமனித் துண்டுகள் சிலவற்றில் எலாஸ்டினை மட்டும் செரிக்கச் செய்தும், வேறு சிலவற்றில் கொலாஜனை மட்டும் கரைத்தும், எஞ்சிய சுவர் எவ்வாறு நீள்கிறது என்று அவர்கள் அளந்தனர். குறைந்த அழுத்தத்தில் இழுவையைத் தாங்குவது எலாஸ்டின் என்பதும், அழுத்தம் ஏற ஏறக் கொலாஜன் சுமையை ஏற்கிறது என்பதும் அதனால் புலனாயின. தளர்ந்த நிலையில் கொலாஜன் நார்கள் நெளிந்து கிடக்கின்றன. சுவர் விரியும்போது அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்து விறைக்கின்றன. ஆகவே தமனி முதலில் இளகிக் கொடுத்து, ஓர் எல்லைக்கு மேல் இறுகி நிற்கிறது.

3. பெருந்தமனி: சுமைக்கு ஏற்ற அடுக்கு

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவரும் கொண்டது. இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை அதனுள் தள்ளுகிறது. அச்சுவர் விறைப்பான இரும்பாக இருந்திருந்தால் இரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீறிட்டு, இடையில் நின்று நின்று ஓடியிருக்கும். எலாஸ்டின் செறிந்த சுவரோ உந்தி வரும் இரத்தத்துக்கு இடம் கொடுத்து விரிகிறது. இதயம் ஓய்ந்திருக்கும் நொடிப்பகுதியில் மீண்டு சுருங்கி, தேக்கிய இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. நலமுள்ள இளைஞர் ஒருவரின் தமனியில் இரத்த அழுத்தத்தின் மேலளவு 120 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கையில் கீழளவு சுழிக்கு இறங்காமல் 80 அளவில் நிற்பதற்கு இம்மீட்சி ஒரு முதன்மையான காரணம்.

பெருந்தமனியின் நடுவுறையில் எலாஸ்டின் தகடு ஒன்று, அதையடுத்து மென்தசையும் கொலாஜனும், மீண்டும் எலாஸ்டின் தகடு என அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. சுண்டெலியில் இவ்வடுக்குகள் ஏறத்தாழ 5. மனிதரின் மார்புப் பெருந்தமனியில் 50க்கும் மேல். வோலின்ஸ்கி, கிளாகவ் என்னும் ஆய்வாளர்கள் பல பாலூட்டிகளின் பெருந்தமனிகளை அளந்து 1967இல் வெளியிட்ட முடிவு, சுவர் தான் தாங்கும் விசைக்கு ஏற்ப நெய்யப்படுகிறது என்னும் கருத்துக்கு வலிய சான்றாகும். விலங்கின் உடல் பெருக்கப் பெருக்கத் தமனியின் விட்டமும் சுவர் தாங்கும் மொத்த இழுவிசையும் பெருகுகின்றன. அடுக்கு ஒவ்வொன்றின்மீதும் விழும் இழுவிசையோ எலியிலும் பன்றியிலும் மனிதரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. இயற்கை இழையை மாற்றவில்லை. சுமை கூடிய இடத்தில் அடுக்கைக் கூட்டியிருக்கிறது.

குழாய்ச் சுவரின் இழுவிசை, உள்ளிருக்கும் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாசின் பெயரால் வழங்கும் விதி இது. இவ்விதியை அறியாதவர்க்கு, ஒற்றை அணுத் தடிப்புள்ள தந்துகி ஏன் வெடிப்பதில்லை என்பது புதிராகவே இருக்கும். தந்துகியின் ஆரம் பெருந்தமனியின் ஆரத்தில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. அழுத்தம் நான்கில் ஒரு பங்கு. எனவே அதன் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை பெருந்தமனியினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. மெல்லிய துணி அங்கே போதும்.

4. நுண்தமனி: மதகு

தமனிகள் கிளைத்துக் கிளைத்து, விட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறையும் இடத்தில் நுண்தமனிகள் எனப்படுகின்றன. இங்கே எலாஸ்டின் அருகி, மென்தசை மேலோங்குகிறது. தசையணுக்கள் குழாயை வளையங்களாகச் சுற்றிக் கிடப்பதால், அவை சுருங்கினால் உட்புழை ஒடுங்கும், தளர்ந்தால் அகலும். இரத்த அழுத்தம் மிகுதியும் வீழ்வது இப்பகுதியில்தான்.

உட்புழையின் சிறு மாற்றம் ஓட்டத்தைப் பெரிதும் மாற்றிவிடும் என்பதை, பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து காட்டினார். மற்றவை மாறாதிருக்க, ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். ஏரிகளால் வாழ்ந்த இம்மாவட்டத்தில் மதகின் பலகை சிறிது உயர்வதற்கும் தாழ்வதற்கும் கடைமடை வயல் எவ்வளவு காத்திருந்தது என்பதை உழவர் அறிவர். உண்டபின் குடலின் மதகுகளாகிய நுண்தமனிகள் திறக்கின்றன. ஓடும்போது கால் தசைகளின் மதகுகள் திறந்து, குடலினுடையவை ஒடுங்குகின்றன. மொத்தம் ஓடும் இரத்தம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். அதை எங்கே எவ்வளவு பங்கிடுவது என்பதை நரம்பும், சுரப்பிகளின் வேதிப்பொருள்களும், அவ்வவ்விடத்துத் திசுவின் தேவையும் சேர்ந்து நுண்தமனியின் வாயிலாக முடிவு செய்கின்றன.

5. தந்துகி: ஓரணுத் துணி

வில்லியம் ஹார்வி 1628இல் இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது, தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே செல்கிறது என்பதை அவரால் கண்ணால் காட்ட இயலவில்லை. இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி 1661இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் கண்டு அவ்வழியை வெளியிட்டார். மனித உடலில் தந்துகியின் விட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 5 முதல் 10 பங்கு. அதன் ஊடே செல்லும் சிவப்பணுவின் விட்டமோ 7 முதல் 8 பங்கு. ஆதலால் குறுகிய தந்துகிகளில் சிவப்பணுக்கள் மடங்கி வளைந்து ஒன்றன்பின் ஒன்றாகவே கடக்கின்றன.

தந்துகிக்கு நடுவுறையும் இல்லை, வெளியுறையும் இல்லை. அகப்படலம் ஒற்றை அணு அடுக்காகவும், அதற்குப் புறத்தே மெல்லிய அடிச்சவ்வும் மட்டுமே சுவராகின்றன. ஒரு தந்துகி மிகக் குறுகியதாயினும், அனைத்துத் தந்துகிகளின் குறுக்கு வெட்டுப் பரப்பையும் கூட்டினால் பெருந்தமனியினுடையதைப் போல் பல நூறு மடங்கு ஆவதால், வாய்க்காலில் விரைந்த நீர் வயலில் பரவி மெதுவாவதைப் போல, பெருந்தமனியில் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் விரைந்த இரத்தம் இங்கே நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தவழ்கிறது. ஆக்சிஜனும் ஊட்டமும் வெளிச்செல்லவும் கழிவு உட்புகவும் அந்தத் தாமதமே வாய்ப்பளிக்கிறது. இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ள, இரத்தத்திலுள்ள அல்புமின் முதலிய புரதங்கள் நீரை உள்ளே இழுக்கும் என்பதை ஆங்கில உடலியங்கியலாளர் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். அப்படியும் வெளியே தங்கிவிடும் நீரை நிணநீர்க் குழாய்கள் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன.

இந்த ஓரணுத் துணியும் எங்கும் ஒரே நெருக்கத்தில் நெய்யப்படவில்லை. மூளையின் தந்துகிகளில் அணுக்களின் ஓரங்கள் இறுக்கமாகப் பொருந்தியிருப்பதால், இரத்தத்தில் கலந்த பல பொருள்கள் மூளைக்குள் புக முடிவதில்லை. சிறுநீரகத்திலும் குடலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் அணுக்களிலேயே நுண்துளைகள் உள்ளன; வடிகட்டுவதும் உறிஞ்சுவதும் சுரப்பதும் அங்கே வேலை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் இடைவெளிகள் இன்னும் பெரியவை. மச்சையில் உருவான இரத்த அணுக்கள் அவ்வழியே ஓட்டத்தில் கலக்கின்றன. துணியின் புழக்கத்துக்கு ஏற்பத் தறியில் அச்சின் நெருக்கம் மாறுவதே இங்கும் நிகழ்கிறது.

6. சிரை: தேக்கமும் மீட்சியும்

தந்துகிகளைக் கடந்து சிரைக்கு வரும் இரத்தத்தில் அழுத்தம் மிகக் குறைந்திருக்கும். அதற்கேற்பச் சிரையின் நடுவுறை மெலிந்தது. சுவர் எளிதில் விரிந்து மிகுந்த இரத்தத்துக்கு இடம் தரும். உடலின் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில் உள்ளது. தமனி வாய்க்கால் என்றால் சிரை ஏரி. இரத்தம் இழக்க நேரிட்டால் சிரைச் சுவரின் மென்தசை சுருங்கி, தேங்கியதை இதயத்துக்கு அனுப்புகிறது.

காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் மேலேறும் முறை தனியே கூறத் தக்கது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் உள்ள சிரையின் அழுத்தம், இதயம் வரை நிற்கும் இரத்தத் தூணின் எடையால் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டும். அவர் நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை ஆழச் சிரைகளை அழுத்திப் பிழிகிறது. சிரைகளின் உள்ளே பிறை வடிவில் அமைந்த அடைப்பிதழ்கள் மேல்நோக்கி மட்டுமே திறப்பதால், பிழியப்பட்ட இரத்தம் கீழே இறங்காமல் மேலேறுகிறது. கணுக்கால் அழுத்தம் 30க்கும் கீழே வந்துவிடுகிறது. இவ்வடைப்பிதழ்களை விவரித்துப் படுவாப் பல்கலைக்கழகத்தின் ஃபாப்ரீசியஸ் 1603இல் நூல் எழுதினார். அங்கே பயின்ற ஹார்வி, முழங்கையின் மேலே கட்டுக் கட்டிச் சிரையை விரலால் நீவி, இரத்தம் ஒரு திசையில் மட்டுமே செல்வதைக் காட்டினார்.

குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளரின் கால் இப்பிழிவை நாள் முழுவதும் செய்கிறது. மிதியில்லாமல் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய தொழில்களில் அவ்வுதவி கிடைப்பதில்லை. தேக்கம் நீடித்துச் சிரை விரிந்தால் இதழ்களின் ஓரங்கள் ஒன்றையொன்று எட்டாமல் போகின்றன. இரத்தம் கீழே கசிந்து, தோலின் அடியில் சிரை புடைத்து முறுக்கிக்கொள்கிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று வழக்கில் கூறப்படும் இந்நோய்க்கும் நரம்புக்கும் தொடர்பில்லை, சுருண்டிருப்பது சிரை.

7. அகப்படலமும் மறுநெசவும்

மேற்கூறிய யாவும் சுவரின் அமைப்பைப் பற்றியவை. அச்சுவர் தன்மீது விழும் விசையை எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு விடை அகப்படலத்தில் உள்ளது. அகப்படலம் இரத்தத்தைச் சுவரிலிருந்து பிரித்து வைக்கும் வழுவழுப்பான மேற்பூச்சு என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தி ஆராய்ந்தபோது, சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. தளராத துண்டுகளை ஆயத்தம் செய்கையில் உட்பரப்பு உரசப்பட்டு அகப்படலம் போய்விட்டிருந்தது என்பதை அவர் கண்டறிந்தார். அகப்படலமே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்று அவரும் சவாட்ஸ்கியும் 1980இல் வெளியிட்டனர். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் தெளிவாயிற்று. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காக வழங்கப்பட்டது.

ஓடும் இரத்தம் சுவரை நீவிச் செல்லும் உராய்வு விசையை அகப்படல அணுக்கள் உணர்கின்றன. சீரான ஓட்டமுள்ள இடத்தில் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு படிந்து, நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, இரத்தம் உறையாமலும் சுவர் தடிக்காமலும் காக்கின்றன. கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சுழன்று தயங்குகிறது. அங்கே அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. கொழுப்பு படிந்து சுவர் தடிக்கும் நோய் கழுத்துத் தமனியின் கவைப்பகுதியிலும் இதயத் தமனிகளின் கிளைவாய்களிலும் முதலில் தோன்றுவது அதனால்தான். புகையிலையும் நீரிழிவும் உயர் அழுத்தமும் உடல் முழுவதற்கும் பொதுவானவை. நோய் இடம் தேர்ந்து தோன்றுவதற்கு ஓட்டத்தின் வடிவமே காரணமாகிறது.

சுவர் மறுபடி நெய்யப்படுவதை விரல் நுனியால் தொட்டே அறியக்கூடிய இடம் ஒன்று உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு இரத்தச் சுத்திகரிப்புக்காக மணிக்கட்டுக்கு அருகே தமனியையும் சிரையையும் இணைத்துவிடும் முறையைப் பிரெசியா, சிமினோ முதலியோர் 1966இல் வெளியிட்டனர். மருத்துவமனைகளில் இவ்விணைப்பு ‘ஃபிஸ்டுலா’ என்றே வழங்குகிறது. இணைத்த அன்று அச்சிரை மெலிந்த, எளிதில் அமுங்கும் குழாய். தமனியின் இரத்தம் பல மடங்கு விரைவோடு அதனுள் பாயப் பாய, வாரங்கள் செல்லச் செல்ல அது அகன்று, சுவர் தடித்து, தடித்த ஊசியை வாரத்துக்குப் பலமுறை தாங்கும் அளவுக்கு உரம் பெறுகிறது. முன்கையின்மேல் விரல் வைத்தால் தோலின் அடியில் வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வு தெரியும். அச்சிரை உரம் பெற்றது, புதிய சுமையை உணர்ந்த சுவர் தன் ஊடையைத் தானே கூட்டிக்கொண்டதன் விளைவு. இத்திறனே வரம்பு மீறினால் தீங்காவதும் உண்டு. ஃபவலோரோ 1967இல் தொடங்கிய முறைப்படி காலின் சிரையை எடுத்து இதயத் தமனியின் அடைப்பைத் தாண்டிப் பொருத்தும்போது, சுவர் அளவு கடந்து தடித்து ஆண்டுகள் கழித்துப் புழையையே அடைத்துவிடக்கூடும். மார்பின் உட்புறத் தமனியைக் கொண்டு செய்யும் ஒட்டு பெரும்பாலும் நெடுங்காலம் திறந்திருப்பதற்கு, அது முன்பே தமனியின் சுமைக்கு நெய்யப்பட்டது என்பதும் ஒரு காரணம்.

8. மனிதர் நெய்த குழாய்

இயற்கையின் நெசவைப் பழுதுபார்க்க மனிதர் எடுத்த முயற்சியின் தொடக்கமும் ஒரு பட்டு நகரத்தில் அமைந்தது. பிரான்சின் லியோன் பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். காஞ்சித் தறிகளின்மேல் இன்று ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டு அவ்வூர்க்காரர். 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ அந்நகரில் கத்தியால் குத்தப்பட்டு, பெரிய சிரை ஒன்று அறுபட்டு, அதைத் தைக்க வழியின்றி இறந்தார். அவ்வூரில் நெசவுத் தொழிற்குடும்பத்தில் பிறந்து மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரெல், பூத்தையல் தொழிலில் தேர்ந்த பெண்மணி ஒருவரிடம் நுண்ணூசித் தையல் கற்று, இரத்தக் குழாய்களை முனையோடு முனை சேர்த்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அறுபட்ட இரு வாய்களையும் சமதூரத்தில் மூன்று தையல்களால் பிணைத்து இழுத்தால் வட்டமான வாய் முக்கோணமாகும். நேரான பக்கம் ஒவ்வொன்றையும் மெல்லிய பட்டு நூலால் தைத்து முடிப்பது எளிதாகும். உள்ளுறை உள்ளுறையோடு படிய வேண்டும் என்பது இதில் தலையாய விதி. சேலை உடலின் பாவு முடியும் இடத்தில் முந்தியின் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் காஞ்சி நெசவாளர், இணைப்பின் உறுதி ஓரங்கள் ஒன்றுபடுவதில் இருக்கிறது என்னும் இவ்விதியை வேறு பெயரில் அறிந்தவரே. காரெலுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த அடியும் பட்டு நூலைப் பற்றியே எழுந்தது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றுவந்த ஆர்தர் வோர்ஹீஸ், நாயின் இதய அறைக்குள் தவறுதலாகக் குறுக்கே சென்றுவிட்ட பட்டுத் தையலிழை ஒன்றின்மீது, மாதங்கள் கழித்துப் பளபளப்பான படலம் வளர்ந்து மூடியிருந்ததைக் கண்டார். இழையின்மீது படலம் வளருமாயின், இழையால் நெய்த துணிக்குழாயின்மீதும் வளரும் என்று கருதி, செயற்கை இழைத் துணியால் குழாய்கள் செய்து விலங்குகளில் பொருத்தி 1952இல் முடிவுகளை வெளியிட்டார். பாலியெஸ்டர் துணிக்குழாய்கள் அதன்பின் பரவின. பெருந்தமனி புடைத்து வெடிக்கவிருந்த எண்ணற்றோர் அவற்றால் உயிர் பிழைத்திருக்கின்றனர்.

ஆயினும் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள செயற்கைக் குழாய்கள் உள்ளே இரத்தம் உறைந்து விரைவில் அடைபட்டுவிடுகின்றன; மனிதரில் இத்துணியின் உட்பரப்பை அகப்படலம் முழுமையாக மூடுவதில்லை என்பதும், செயற்கைச் சுவர் தமனியைப் போல விரிந்து மீள்வதில்லை என்பதும் இதற்குரிய காரணங்களில் முதன்மையானவை. இக்குறையைத் தீர்க்கப் பட்டின்பக்கம் மீண்டும் பார்வை திரும்பியிருக்கிறது. சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிக் கோந்தாகிய செரிசினை நீக்கினால் எஞ்சும் ஃபைப்ரோயின் என்னும் பட்டுப் புரதத்தால் நுண்குழாய்கள் செய்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளின் பெருந்தமனியில் பொருத்தி, அவை நெடுநாள் திறந்திருந்ததையும் எலியின் சொந்த அணுக்கள் அவற்றில் குடியேறியதையும் 2010இல் தெரிவித்தனர். மனிதர்க்கான வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

நிறைவுரை

நெசவு என்னும் உவமை முற்றிலும் பொருந்துவதன்று என்பதையும் கூறுதல் கடன். குழாய்ச் சுவரில் எலாஸ்டின் நூலாக ஓடாமல் துளையுள்ள தகடாகப் பரவியிருக்கிறது. பாவும் ஊடையும் நேர்கோணத்தில் வெட்டிக்கொள்வது போன்ற ஒழுங்கும் அங்கில்லை. உவமை பொருந்தும் இடம் காலத்தைப் பற்றியது. தசையணுக்கள் ஊடையாகிய கொலாஜனைப் புதிது புதிதாக வாழ்நாள் முழுவதும் சுரக்கின்றன. அகப்படல அணுக்கள் தேய்ந்தால் அருகிலுள்ளவை பெருகி இடத்தை மூடுகின்றன. பாவாகிய எலாஸ்டின் மட்டும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அமைந்து, பின்னர் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதேயில்லை. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறையும், அறுபது ஆண்டுகளில் 220 கோடி முறையும் அந்த ஒரே பாவை இழுத்து விடுகிறது. இழுபட்டு இழுபட்டு எலாஸ்டின் தகடுகள் கீறி முறிய, சுமை கொலாஜனுக்கு மாறுகிறது, சுவர் இறுகுகிறது, முதியோரிடம் கீழளவு ஏறாமல் மேலளவு மட்டும் ஏறிக் காண்பது இவ்வாறு நேர்வதே.

உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதன் பொருள் இங்கே விளங்கும். அது அறிகுறி தோன்றும்வரை காத்திருந்து செய்யும் வைத்தியமன்று. ஒவ்வொரு துடிப்பும் பாவை இழுக்கும் அளவைக் குறைப்பது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. உடலில் நோவு ஏதுமில்லை என்று அதை எடுத்து வைத்துவிடுவோர், மாத்திரை காப்பது எதை என்பதை அறிந்தால் அவ்வாறு செய்யார். தறியில் பாவு பழுதானால் அறுத்துவிட்டு வேறு பாவு பிணைக்கலாம். உடலின் துணியோ இறுதிவரை தறியிலிருந்து இறங்குவதில்லை. அதற்கு ஓடப்பட்ட பாவும் ஒன்றே.